ரொசாலி அம்மாவின் ரொட்டி

நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குச் சோதனைக் குழாய் மேல் ஒரே மோகம். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அப்போதெல்லாம் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சுவோம். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. செங்கல் நிறமானால் நிறைய. அந்த நிறத்தைப் பார்த்துத்தான் இன்சுலின் ஊசி.

அன்று காலை, உப்பளம் பகுதியிலிருந்து வந்து சேர்ந்திருந்த ரொசாலி அம்மாவின் குழாய் செங்கல்லாகச் சிவந்தது. ரசித்துப் பார்த்துவிட்டு ஊசி போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து மாதா கோயில் சாமியார், நன்மை என்கிற மந்திரித்த அப்பத்தைக் கொடுக்க வார்டுக்குள் வந்தார். ரொசாலி அம்மா கைகூப்பி, கண்மூடி, வேர்த்து நடுங்கினார். இப்படியும் ஒரு பக்தியா என்று வேடிக்கை பார்த்து நின்றேன்.

பக்கத்துக் கட்டிலில் கால் ஒடிந்து கிடந்த பெண்தான் கத்தினாள்.

"நர்சம்மா, அவங்க இன்னும் ஒண்ணும் சாப்டல! நன்மை வாங்குறவரைக்கும் சாப்பிடக் கூடாதாம். ரொட்டிய எனக்குக் குடுத்துட்டாங்க!"

வெறும் வயிற்றில் ஊசி! சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருக்கும். ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கி வந்தேன். தினமும் நான் தடுத்த அதே சர்க்கரையைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினேன். சாமியார் அந்த அம்மாவின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். மெல்லக் கண் திறந்தார் ரொசாலி அம்மா.

"ஊசி போடறப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீ கேக்கலியே."

யாரைக் கண்டாலும் "சாப்டீங்களா?" என்று கேட்கிற ஊர் எங்களுடையது. அன்று காலை வாசலில் நின்ற ரிக்‌ஷாக்காரரைக்கூடக் கேட்டிருந்தேன். ஊசியோடு போன இடத்தில்தான் கேட்கவில்லை.