கடவைக்கு மேல் ஒட்டிய தாள்

என்னைவிடத் துப்புரவாகப் புத்தகம் வைத்திருக்கும் எழுதுவினைஞர் மன்னார்த் தீவிலேயே இல்லை என்பது அந்த நாளில் என் எண்ணம். வேறு எவரும் அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை. ரெயில்வேக் கந்தோரில் எனக்குக் கொடுத்திருந்த வேலை, அரசாங்கம் அனுப்பும் கட்டளைத் தாள்களைப் பச்சைத் துணி அட்டை போட்ட ஒரு பெரிய புத்தகத்தில் ஒட்டி வைப்பது. எங்கே தண்டவாளத்தைக் கடக்கலாம், எங்கே மாடு கட்டக்கூடாது, பாதைவேலியில் வலை காயப்போடுகிறவனை என்ன செய்வது, எல்லாம் அதற்குள் இருந்தன.

ஒட்டுவதற்கும் ஒரு கட்டளை உண்டு. புதுத் தாளைப் பழைய தாளுக்கு மேலே, இடது ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்ட வேண்டும். தேவை வந்தால் தூக்கிக் கீழே இருப்பதைப் படிக்கலாம். எனக்கு இது பிடிக்கவில்லை. மன்னார்க் காற்றில் தாள்கள் படபடவென்று அடித்துக்கொள்வது அரசாங்கத்துக்கே மரியாதை இல்லை என்று பட்டது. ஆகவே மாப்பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் மயில்துத்தமும் கலந்து, தாள் முழுவதும் பூசி நாலு மூலையும் படிய ஒட்டினேன். பக்கங்கள் இஸ்திரி போட்ட வேட்டிபோல இருந்தன. வருகிற போகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினேன்.

அந்த நாட்களில்தான் கீரி என்ற கடலோர ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு கரைவலைக்காரர் வந்தார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். அவர்களுடைய குடிசைகள் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், கடல் அந்தப் பக்கம். பத்துப் பதினைந்து பேர் வலையைத் தோளில் வரிசையாகச் சுமந்து, தண்டவாளத்தைக் கடக்கும் ஒரு கடவையால் போவார்கள். தண்டவாளத்தில் கால் வைக்குமுன் ஒவ்வொருவரும் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அந்தக் கடவையைக் கம்பிவேலி போட்டு அடைக்கப் புதிதாக வந்த ரெயில்வேத் துரை முடிவு செய்திருந்தார். பழைய அனுமதி ஏதும் உண்டா என்று கந்தோரைக் கேட்டும் இருந்தார். அடைத்தால் ஈர வலையோடு ஒரு மைல்கட்டை தூரம் சுற்ற வேண்டும். வலை வளைத்துப் பாடு படுத்த நேரம் தப்பிவிடும், தொழிலே போய்விடும் என்றார் வந்தவர்.

அனுமதி ஒன்றும் இல்லை என்றேன். புத்தகத்தைத் திறக்காமலேதான் சொன்னேன். எனக்குத் தெரியாத தாள் அதில் இருக்க முடியுமா?

அவர் குரலை உயர்த்தவில்லை. "ஐயா, என்ர அப்பர் அந்தத் தாளில பெருவிரல் வச்சவர். நான் பக்கத்தில நிண்டனான். பச்சைப் புத்தகத்திலதான் ஒட்டினவை."

ஞாபகம் வேறு, பதிவு வேறு என்று அவருக்கு ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். அவர் போனதும் 'அப்படி ஒரு பதிவு இக்கந்தோரில் இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதி, ஒப்பமிட்டு, பின்னேர ரெயிலில் துரைக்கு அனுப்பினேன்.

மறுநாள் கடவைகளைப் பற்றி இன்னொரு புதுத் தாள் வந்தது. ஒட்டுவதற்காகப் பக்கத்தைத் திறந்து விரலால் தடவினேன். தடித்திருந்தது. ஒரு தாளின் தடிப்பல்ல, இரண்டு தாளின் தடிப்பு. அடியில் இருந்ததைப் படிக்காமலேயே நான் மேலே ஒட்டியிருந்தேன்.

தேத்தண்ணிக் கேத்தலின் ஆவியில் அந்தப் பக்கத்தை அரை நாள் பிடித்தேன். என் பசையை அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சபித்தேன். மேல்தாள் பிய்ந்து பிய்ந்து வந்தது. அடியில் பழைய தாள் நைந்து, ஆனாலும் படிக்கும்படி இருந்தது. வலைக்காரர் போக வர அந்தக் கடவை என்றும் திறந்திருக்கும் என்று எழுதி, அந்தக் காலத்துத் துரை ஒப்பமிட்டிருந்தார். அதன் கீழே ஒரு பெருவிரல். கறுப்பாக, அகலமாக.

கேத்தலைக் கவிழ்த்து எல்லாவற்றையும் ஊறவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்பதை மறைக்க மாட்டேன். நான் ஒன்றும் பெரிய யோக்கியன் அல்ல. அந்த விரல்தான் என்னை விடவில்லை.

வெள்ளிக்கிழமை துரை கம்பிச் சுருளோடு வந்து இறங்கினார். மேடையிலேயே தாளை நீட்டினேன். இல்லை என்று எழுதியது யார் என்று கேட்டார். நான் என்றேன். இதன் மேலே முழுப் பசை பூசியது யார் என்றார். அதுவும் நான்தான். இந்தக் கந்தோரில் வேறு ஆட்களே இல்லையா என்றார். கம்பிச் சுருள் திரும்ப ரெயிலேறியது. அதே அனுமதியை அவர் புதுத் தாளில் எழுதி ஒப்பமிட்டு, ஓரத்தில் மட்டும் ஒட்டச் சொல்லிக் கொடுத்தார்.

கடவை திறந்தே இருக்கும் என்று சொல்ல நானே கீரிப் பக்கம் நடந்து போனேன். மன்னிப்புக் கேட்க வார்த்தைகள் கட்டிவைத்திருந்தேன். ஆனால் பழைய தாளை மட்டும் காட்டினேன். அவர் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, தகப்பனுடைய விரல் அடையாளத்தின் மேல் தன் பெருவிரலை மெல்ல வைத்தார். தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அடக்கம் செய்ய உடல்கூடக் கிடைக்கவில்லையாம்.

"இதைத் திருப்பிக் கொண்டுபோவியளோ?" என்று கேட்டார்.

அரசாங்கத் தாள் எதுவும் கந்தோரை விட்டு வெளியே போகக்கூடாது என்பது கட்டளை. அந்தக் கட்டளையை ஒட்டியதும் நான்தான்.

"வச்சிருங்கோ அண்ணை," என்றேன்.

திரும்பி நடக்கும்போதுதான் நினைத்தேன். 'அப்படி ஒரு பதிவு இக்கந்தோரில் இல்லை' என்று நான் எழுதி ஒப்பமிட்டது அன்றைக்குத்தான் உண்மையானது.