வெந்த சோற்றின் எடை

சமையலறையில் பித்தளை எடைக்கல் தராசுத் தட்டில் விழும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று, சின்னது. பிறகு சத்தமில்லை. கூடத்தில் பாயில் சாய்ந்திருந்த ஜெகதாம்பாள் எச்சிலை விழுங்கிக்கொண்டாள். சாப்பாடு வரப்போகிறது.

"நூறு கிராம். சரியா கீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே அவள் கணவர் எத்திராஜ் தட்டோடு வந்தார். ஒரு பிடி சோறு, எண்ணெயில்லாமல் வேகவைத்த விரால் துண்டு, கொஞ்சம் கீரை.

தோட்டத்துக் கதவருகே கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள் மீன்காரி செங்கேணி. அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"இன்னா மொதலியாரே, பட்டு நிறுக்கிற தராசுல சோத்தை நிறுத்துக்கினு கீற. காஞ்சிபுரத்துல கல்யாணப் பொடவை எல்லாம் கவுச்சி அடிக்கப்போவுது."

"இது கலோரி கணக்கு. உனக்குப் புரியாது."

"எனக்கு இன்னாத்துக்குப் புரியணும்? இந்தச் சோத்தைப் போட்டா எங்க வூட்டுக் கோழியே கோச்சிக்கினு பூடும்."

ஜெகதாம்பாள் சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

பதினெட்டு வயதில் திருமுக்கூடலிலிருந்து காவாந்தண்டலத்துக்கு வாழ வந்தவள் அவள். பிள்ளை இல்லை. வீட்டிலிருந்த இரண்டு தறிக்கும் பாவு சுற்றினாள். தறிக்காரர்களுக்கும் புருஷனுக்கும் பொங்கிப் போட்டாள். எல்லோரும் கை கழுவிய பிறகு, சமையலறை இருட்டில் நின்றபடியே, பானையில் மிஞ்சியதையெல்லாம் வீணாகக் கூடாதென்று தின்றாள். அப்படித் தின்றே பருத்தாள். நீ சாப்பிட்டாயா என்று இருபத்தெட்டு வருஷத்தில் எத்திராஜ் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. கெட்டவர் இல்லை. கேட்கத் தெரியாதவர்.

எண்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம் அவளுக்கு நெஞ்சு வலி வந்தது. காஞ்சிபுரத்து டாக்டர் அவளை எடை மெஷினில் ஏற்றினார். எண்பத்தாறு கிலோ. ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். இத்தனை கலோரிக்கு மேல் போகக் கூடாது, கறி கூடாது, மீன் நிறையச் சேர்க்க வேண்டும். கீழே, மதியம் அரிசி நூறு கிராம், இரவு எழுபத்தைந்து.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எத்திராஜ் அந்தச் சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்தார். இவள் போய்விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்று அன்றுதான் முதல்முறையாக நினைத்தார். மறுநாளே தராசைச் சமையலறைக்குக் கொண்டுபோனார்.

முப்பது வருஷம் பட்டு நிறுத்தவர் அவர். சோப்புத் தண்ணீரில் வேகவைத்தால் பச்சைப் பட்டின் பசை கரைந்து கால் பங்கு எடை போய்விடும். அதனால் பச்சை எடை பொய் எடை, வெந்த பிறகு நிற்பதுதான் மெய்யான எடை என்பது அவர் தொழிலின் முதல் பாடம். அரிசிக்கும் அதையே செய்தார். சோற்றை வடித்து, ஆறவிட்டு, நிறுத்தார். டாக்டர் எழுதியது வேகாத அரிசியின் கணக்கு என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை.

அவள் இளைத்தாள். மாதாமாதம் எடை மெஷினில் முள் இறங்குவதைப் பார்த்து டாக்டர் தலையாட்டினார். வளையல்கள் முழங்கைவரை ஏறின. இரண்டு நாளைக்கு ஒருமுறை செங்கேணி ஏரி மீன் கொண்டுவந்தாள். எத்திராஜே செதில் உரசினார், முள் எடுத்தார், ஊட்டாத குறையாக எதிரில் உட்கார்ந்து பார்த்தார்.

புரட்டாசி பிறந்தது. பெருமாள் மாதம், அந்த வீட்டில் கவுச்சி கிடையாது. மீனுக்குப் பதில் என்ன என்று சீட்டில் எழுதவில்லை. எழுதாததை எத்திராஜ் செய்ய மாட்டார். தட்டில் மீன் இருந்த இடம் காலியாகவே வந்தது.

மூன்றாம் சனிக்கிழமை காலை, வாசலில் கோலத்தின் பாதியிலேயே ஜெகதாம்பாள் சரிந்து விழுந்தாள். தூக்கியபோது குழந்தையைத் தூக்குவதுபோல் இருந்தது.

எத்திராஜ் வேளாவேளைக்கு எடை குறித்து வைத்திருந்த நோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் புரட்டிப் பார்த்தார்.

"சோத்தையா நிறுத்தீங்க? இது அரிசிக் கணக்குய்யா. வெந்தா மூணு பங்கு ஆவுமே. மூணுல ஒண்ணுதான் அந்தம்மாவுக்குப் போட்டிருக்கீங்க."

நாலாம் நாள் அவள் போய்விட்டாள். இதயம் முன்பே பழுதாகியிருந்தது, இதனால்தான் என்று சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொன்னார். அந்த வார்த்தை எத்திராஜின் காதில் விழுந்தது, நெஞ்சில் விழவில்லை.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து, வெறுங்கையோடு செங்கேணி வந்தாள். எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தாள். எத்திராஜ் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"பசிக்குதுன்னு உங்கிட்ட சொன்னாளா?"

"இல்ல மொதலியாரே."

"உன் பிள்ளைங்க மேல ஆணையா சொல்லு."

செங்கேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லிச்சு. ஆடியில ஒருநாள் கஞ்சி எடுத்தாந்தேன். வேணான்னுடுச்சி. இன்னாக்கா, உசுர வச்சிக்கினு வெளயாடுறன்னு கேட்டேன். இத்தினி வருசத்துல எந்தட்டுல ஒரு கரண்டி சோறு வச்சதில்லடி அந்த மனுசன், இப்போ வேளாவேளைக்கு வக்கிறாரு, பத்தலன்னு சொன்னா வைத்தியந்தான் தப்போன்னு பயந்து தராசை எடுத்துப் பரண்ல வச்சிடுவாருன்னுச்சு. எனக்கு அதுவே வயிறு ரொம்பிப்போவுதுன்னு சிரிச்சிச்சு."

எத்திராஜ் எழுந்து சமையலறைக்குப் போனார். அடுப்பில் அவர் வடித்து வைத்த சோறு இருந்தது. நிறுக்காமலே ஒரு தட்டில் குவித்து எடுத்துவந்து செங்கேணியின் முன் வைத்தார்.

"சாப்புடு."

அவள் தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள், விழுங்க முடியவில்லை.

"என்னால முடியல மொதலியாரே. மன்னிச்சிக்க."

தட்டை அவர் பக்கம் மெல்ல நகர்த்திவிட்டு எழுந்தாள். வாழைமரத்துப் பக்கமாக நடந்து வேலியைத் தாண்டும்வரை அவள் திரும்பவில்லை. எத்திராஜ் நின்று பார்த்துவிட்டு, இனி மீன் வரவேண்டாத அந்தத் தோட்டத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.