திருப்பித் தராத கசட்

எங்கட கலியாண வீடியோ கசட்டை, "பார்த்திட்டுத் தாறன்" எண்டு மச்சான், பெண்சாதிட கூடப் பிறந்த காக்கா, கொண்டு போனவர். தரவே இல்லை. பெண்சாதி அந்தக் கோபத்தில பெருநாளைக்குக் கூட அவரோட முகம் கொடுத்துக் கதைக்கல்ல.

பிறகு கடல் வந்து உம்மாவையும் வீட்டையும் கொண்டு போயிட்டுது. ஒரு போட்டோ கூட மிஞ்சல்ல.

இண்டைக்குக் காலையில மச்சான் கசட்டோட வாசல்ல நிக்கிறார்.

"கசட் போடுற டெக் பழுதாப் போச்சு. இனி இது எனக்கு எதுக்கு?"

மூணு பேருமாக் கல்முனைக்குப் போய் சீடியில பதியக் குடுத்தம். கடைக்காரர் சிரிச்சார்.

"சீடியும் கொஞ்ச நாளைக்குத்தான். பென் டிரைவிலயும் போட்டு வைங்க."

கம்ப்யூட்டர்ல உம்மா வந்தா. கெமராவைக் கண்டதும் முக்காட்டை இழுத்துக்கிட்டு, "என்னை எடுக்காதீங்க வாப்பா" எண்டு கெமராக்காரப் பொடியனுக்குக் கையை ஆட்டுறா.



பெண்சாதி கண்ணைத் துடைச்சிட்டு மச்சானுக்குச் சொன்னா: "நல்ல காலம் காக்கா, நீங்க தரல்ல."

சீடி நிறைய அடிச்சு வச்சிரிக்கன். சொந்தக்காரர், கூட்டாளிமார் ஆருக்கும் வேணுமெண்டா வந்து இரவல் கொண்டு போங்க.

ஒரேயொரு கண்டிசன். திருப்பித் தரப்படாது.