காலிப் பெட்டிக்குள் ஒரு கையெழுத்து

லெமுவேல் டிங்லி, 1757–1821. மாசசூசெட்ஸின் மேற்கு மலைப்பகுதியில் உள்ள ஹாட்லோ என்னும் ஊரில் தச்சர். இருபதாம் வயதில் விடுதலைப் படையில் சேர்ந்தார். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1783 ஜூன் மாதம், இடது காது கேளாதவராக, சட்டைக்குள் ஒரு படைவிலகல் சீட்டோடு நடந்தே ஊர் திரும்பினார். அந்தச் சீட்டின் அடியில் தளபதி வாஷிங்டன் தம் கையாலேயே ஒப்பமிட்டிருந்தார். ஆறு ஆண்டுகளில் டிங்லி தளபதியைப் பார்த்தது மூன்று முறை. மூன்று முறையும் பின்புறமிருந்து, குதிரைமேல். அந்த மனிதரின் முகத்துக்குப் பதிலாக அவருக்கு வாய்த்தது அந்தக் கையெழுத்துதான். பதினாறு ஆண்டுகள் அதை வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்தார்.

1799 டிசம்பரில் தளபதி மறைந்தார். அவரை முதல் ஜனாதிபதியாகக் கொண்டிருந்த நாடெங்கும் ஊருக்கு ஊர் சவ ஊர்வலம் நடத்தினார்கள். உடல் வர்ஜீனியாவில் அடக்கமாகிவிட்டது. ஆகவே ஊர்வலங்களில் சென்றவை காலிப் பெட்டிகள். ஹாட்லோவின் பெட்டியைச் செய்யும் பணி டிங்லிக்குக் கிடைத்தது. செர்ரி மரத்தில் இழைத்து, பொருத்துகள் எல்லாவற்றிலும் தார் பூசி, சொட்டு நீர் இறங்காதபடி முடித்தார். கூலி வாங்கவில்லை.

பெட்டி காலியாகப் போவது ஊர்ச்சபைத் தலைவர் கேப்டன் ஓரின் ஸ்டெபின்ஸுக்குப் பொறுக்கவில்லை. தளபதியின் கை பட்ட பொருள் ஒன்று உள்ளே இருந்தால் அது வெறும் பெட்டியாக இராது என்று டிங்லியிடம் வந்து சொன்னார். இந்த ஊரில் அப்படிப்பட்ட பொருள் ஒன்றே ஒன்றுதான் உண்டு என்பதை இருவரும் அறிவார்கள்.

டிங்லியின் மனைவி ஹெப்சி அப்போது ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையைக்கூடத் துடைக்காமல் குறுக்கே வந்தாள்.

"பெட்டி காலியா போனா என்ன, கேப்டன்? செத்தவருக்கு அது தெரியவா போகுது? இவரு அங்க பனியில கிடந்தாருங்கிறதுக்கு இந்த ஒரு காகிதம்தான் இருக்கு."

"ஊருக்கே தெரியும் ஹெப்சி, உன் புருஷன் யாருன்னு," என்றார் ஸ்டெபின்ஸ். "நாங்க மறந்துடுவோமா?"

டிங்லி சீட்டைக் கொடுத்தார். சபையில் வாசிக்க வேண்டும், பழகிக்கொள்கிறேன் என்று ஸ்டெபின்ஸ் அதை முந்தின நாளே வீட்டுக்கு எடுத்துச் சென்றார்.

1800 பிப்ரவரி 22, தளபதியின் பிறந்த நாள். உறைந்த மண் இளக வேண்டும் என்று ஆலய முற்றத்தில் இரண்டு நாள் விறகு எரித்துக் குழி வெட்டியிருந்தார்கள். ஸ்டெபின்ஸ் தாளின் அடியைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தபடி முதல் வரியிலிருந்து தளபதியின் பெயர் வரை உரக்க வாசித்தார், ஆண்களும் அழுதார்கள். பிறகு மடித்துப் பெட்டியில் வைத்தார். டிங்லி மூடியை வைத்து எட்டுத் திருகாணிகளையும் முடுக்கினார். பின்னாளில் அதன்மேல் ஒரு சலவைக்கல் எழுந்தது. ஆண்டுதோறும் ஜூலை நான்காம் நாள் அந்தக் கல்லருகே சொற்பொழிவு நடந்தது.

டிங்லி தம்பதியரின் பிள்ளைகள் இருவரும் அம்மையில் போனார்கள். அறுபதை நெருங்கும்போது டிங்லியின் வலக்கை நடுங்கத் தொடங்கியது. நடுங்கும் கையில் இழைப்புளி நிற்காது. முதலில் பட்டறை போயிற்று, பிறகு பசு, பிறகு வீடு. நாதியற்றவர்களை ஹாட்லோ எவ்வாறு பராமரித்தது என்பதை ஊரில் அனைவரும் அறிவர். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் அவர்களை ஒவ்வொருவராக முன்னால் நிறுத்துவார்கள். ஊரிடமிருந்து மிகக் குறைந்த பராமரிப்புத் தொகை கேட்பவர் வீட்டுக்கு ஓராண்டுக்கு அனுப்புவார்கள். கணவன் மனைவி என்பதற்காக ஒரே வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இல்லை.

1818 மார்ச்சில் ஒரு வழி பிறந்தது. வறுமையில் வாடும் பழைய படைவீரருக்கு மாதம் எட்டு டாலர் என்று புதிய சட்டம் வந்தது. எட்டு டாலர் இருந்தால் ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரே கூரையின்கீழ் இருவரும். டிங்லி பதினெட்டு மைல் நடந்து நீதிமன்றத்துக்குச் சென்றார். படைத்துறை அலுவலகத்தின் ஆவணங்கள் 1800ஆம் ஆண்டுத் தீயில் எரிந்துபோனதாகச் சொன்னார்கள். அவருடன் நின்ற தோழர்களில் உயிரோடு எவரும் இல்லை. ஊரே கேட்க அந்தச் சீட்டு வாசிக்கப்பட்டது என்றார் டிங்லி. கேட்டவர்கள் போரைப் பார்க்கவில்லையே என்றார் நீதிபதி. சீட்டு எங்கே இருக்கிறது என்று தெரியும்போது அதைக் கொண்டுவருவதுதானே முறை?

அக்டோபரில் ஊர்க்கூட்டம் கூடியது. கல்லை நகர்த்தவும் பெட்டியைத் திறக்கவும் டிங்லி அனுமதி கேட்டார். இரு கிழவரின் செலவு ஊருக்கு மிச்சமாகுமே என்று ஒருவர் எடுத்துச் சொன்னார். அன்று மிக நீளமாகப் பேசியவர் ஸ்டெபின்ஸ். தேசத்தின் தந்தையுடைய கல்லறையை மாதம் எட்டு டாலருக்காகத் தோண்டிய ஊர் என்ற பெயர் ஹாட்லோவுக்கு வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று ஐம்பத்திரண்டு கைகள் உயர்ந்தன. தோண்டலாம் என்று பதினேழு.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஊரார் அனைவரும் ஆலயத்துக்குள் இருந்தபோது, டிங்லி கடப்பாரையும் மண்வெட்டியுமாக முற்றத்துக்கு வந்தார். கல் பக்கவாட்டில் சாய்வதற்கே வெகுநேரம் ஆயிற்று. பெட்டி அவர் செய்தபடியே இருந்தது. எட்டுத் திருகாணிகளும் துருவேறி, எவர் கையும் படாமல் இருந்தன. மூடியைத் திறந்தார். உள்ளே ஈரமே இல்லை. சீட்டு மடித்தது மடித்தபடி கிடந்தது. விரித்தார். தம் பெயர், படைப்பிரிவின் பெயர், ஆறு ஆண்டுகள், எல்லாம் நேற்று எழுதியது போல இருந்தன. தாளின் அடியில், கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சதுரம் நேர்த்தியாக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

தாளின் அடியை மறைத்திருந்த அந்தப் பெருவிரல் அவர் நினைவுக்கு வந்தது.

ஆராதனை முடிந்து வந்தவர்கள் குழியைச் சுற்றி நின்றார்கள். டிங்லி மண்டியிட்டபடியே தாளை உயர்த்திக் காட்டினார். அந்தச் சதுரத்தின் வழியே வானம் தெரிந்தது. எலி கடித்திருக்கும் என்றார் ஸ்டெபின்ஸ்.

"ஆமா கேப்டன், எலிதான்," என்றாள் ஹெப்சி. "அளவுகோல் வச்சு, கத்தி தீட்டி வெட்டின எலி. அதை எந்தச் சுவத்துல மாட்டியிருக்குதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

கூட்டத்தில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

கையெழுத்து இல்லாத தாளை எவரும் எழுதியிருக்கலாம் என்று நீதிமன்றம் கருதியது. அங்கே கையெழுத்து இருந்தது என்று ஸ்டெபின்ஸ் சத்தியம் செய்திருந்தால் ஒருவேளை முடிவு மாறியிருக்கும். விசாரணை நாளில் அவருக்கு இடுப்பு வலி. எழுந்திருக்க இயலவில்லை என்று சொல்லியனுப்பினார். ஓய்வுநாளில் மண் வெட்டியதற்கு விதித்த அபராதத்தைக் கட்ட முடியாமல் டிங்லி பத்து நாள் சிறையில் இருந்தார். வெளியே வந்தபோது கல் மீண்டும் நிமிர்ந்து நின்றது.

1819 மார்ச் கூட்டத்தில் இருவரையும் முன்னால் நிறுத்தினார்கள். ஹெப்சிக்கு நூற்கத் தெரியும்; அவளை வடகோடிப் பண்ணைக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். டிங்லி தெற்கே மாவு ஆலைக்காரர் வீட்டுக்குப் போனார். இடையே ஐந்து மைல். அனுமதியின்றி வெளியே போகக் கூடாது என்பது நிபந்தனை. முதல் ஆண்டில் இரண்டு முறை பார்த்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டில் ஒரு முறை.

ஜூலை நான்காம் நாளில் மட்டும் ஊர் டிங்லியைத் தேடியது. துவைத்த சட்டை மாட்டி, கல்லருகே நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். தளபதியோடு நின்ற கடைசி மனிதர் இவர் என்று சொற்பொழிவாளர் கை நீட்டுவார். நீதிமன்றத்தில் எவராலும் நிரூபிக்க முடியாத செய்தி அந்த ஒரு நாள் மட்டும் அனைவருக்கும் தெரிந்திருந்தது.

1821இலும் அவ்வாறே கை நீட்டி, எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொண்டார்கள். டிங்லி எழுந்தார். நிற்கவில்லை. கூட்டத்தின் நடுவே புகுந்து வடக்குச் சாலையில் இறங்கினார். திரும்பி வரும்படி ஸ்டெபின்ஸ் இரண்டு முறை அழைத்தார்; அது கேளாத காதின் பக்கம்.

பண்ணையை அடைந்தபோது ஹெப்சி கொல்லையில் நூற்புச் சக்கரத்தைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள். அதன் மிதிகட்டை மூன்று வாரமாக உடைந்து கிடந்தது.

"யாரு அனுப்பினா உங்களை?"

"யாரும் அனுப்பல. கத்தி இருக்கா?"

புது மிதிகட்டைக்கான மரத்துண்டை அவள் பிடித்துக்கொண்டாள். நடுங்கும் கையால் அவர் செதுக்கினார். 1821 ஜூலை 4, மாலை வரை.