பத்து நிமிஷம் லேட்

எங்கள் பஸ் கம்பெனியை மதுரைக்காரர் ஒருவர் வாங்கியதும் வண்டிகளுக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது பயம்தான். பாதிப் பேரைத்தான் வைத்துக்கொள்வார்களாம், வைத்துக்கொள்கிறவர்கள் லிஸ்ட் வெள்ளிக்கிழமை வருமாம். ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் கட்டுமாவடி வண்டியில் கண்டக்டர். சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

பழைய முதலாளி காலத்தில், மீன்காரப் பெண்கள் கூடையோடு வந்து ஏறும்வரை காலை வண்டி கட்டுமாவடியில் நிற்கும். லேட்டானால் டிரைவரும் கண்டக்டரும் ஒரே பேச்சாக, ரேடியேட்டர் கொதித்துவிட்டது என்போம். முதலாளிக்குப் பொய் என்று தெரியும். சிரித்துக்கொண்டே போய்விடுவார். புதுக் கம்பெனியில் சிரிக்கிற ஆளே கிடையாது. நேரத்துக்கு வண்டி எடுக்காதவனுக்கு வேலை இல்லை என்று ஷெட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை, எடுக்கிற நேரம் தாண்டிவிட்டது. நாலு பெண்கள் மணலில் கூடையோடு ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

"என்னப்பா, எடுக்கவா? விசிலக் குடு," என்றார் டிரைவர்.

"இந்த வண்டிய விட்டா அவுகளுக்குச் சந்தை போயிரும்ண்ணே. ஏறிக்கிரட்டும்."

சொன்னது நான்தான்.

மணமேல்குடியில் புதிய செக்கிங் இன்ஸ்பெக்டர் வாட்ச்சும் நோட்டுமாக நின்றிருந்தார்.

"ஏன்யா பத்து நிமிஷம் லேட்டு?"

"ரேடியேட்டர் கொதிச்சிருச்சுங்க," என்றார் டிரைவர், அசராமல்.

இன்ஸ்பெக்டர் ஏதோ எழுதிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "அப்பிடியா?"

எனக்கு லிஸ்ட்தான் கண்ணில் நின்றது. "இல்லிங்க சார். மீன்காரங்களுக்காக டிரைவர் நிறுத்திட்டாருங்க."

டிரைவர் என்னை ஒரு தரம் பார்த்தார். நடந்ததை அவர் அப்படியே போட்டு உடைத்திருக்கலாம். "ஆமாங்க, நாந்தான் நிறுத்துனேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை லிஸ்டில் என் பெயர் இருந்தது. பதினாறு வருஷம் வண்டி ஓட்டிய அவர் பெயர் இல்லை. இன்ஸ்பெக்டர் எமகாதகர், எப்படியும் கண்டுபிடித்திருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து இன்ஸ்பெக்டர் எங்கள் வண்டியில் ஏறினார். டீ குடிக்க இறங்கியபோது நோட்டை சீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். மனசு கேட்காமல் அந்த வியாழக்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன். 'ரேடியேட்டர் கோளாறு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அதைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்திருந்தார். அதற்குக் கீழேதான் டிரைவர் பெயர்.

மனுஷன் நம்பிவிட்டிருக்கிறார். என்னிடம் கேட்டது சும்மா ஒரு பேச்சுக்கு.