வெள்ளிக்கிழமைக் கைவேலை

எங்கள் ஏழு பேருக்கும் வீட்டில் பெற்ற ஆத்தாதான் பாடம் சொல்லித் தந்தார். வெள்ளிக்கிழமை கைவேலை. காலண்டர் அட்டையை வெட்டி, மைதாப் பசையால் ஒட்டிச் சின்ன வீடுகள் செய்வோம். அறுபத்தெட்டாம் வருஷம் கடைசித் தம்பியைப் பள்ளத்தூரிலிருந்த, குழந்தையில்லாத பங்காளி வீட்டார் சுவீகாரமாகப் பிள்ளை கூட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்த பொங்கலுக்கு விருந்தாளியாக வந்தவன், பழைய இடத்தில் உட்கார்ந்து அட்டையை வெட்டினான்.

"கூரை உன்னை மாதிரியே சாயுதுடா" என்றாள் மூத்தவள்.

சிரித்துவிட்டு ஆத்தாவிடம், "சின்னாத்தா, பசை தாங்க" என்றான். அங்கே அப்படிச் சித்தி முறை வைத்துக் கூப்பிடத்தான் பழக்கியிருந்தார்கள்.

ஆத்தா கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

"வேணுங்கிறத எடுத்துக்கிடுங்க, தம்பி."

அதுவரை எங்களில் ஒருவரிடமும் ஆத்தா மரியாதை கொடுத்துப் பேசியதில்லை.