பானெட்டின் மேல் பதினான்கு புள்ளிகள்

காரின் மேல் காய்ந்த துணியை இழுக்கும்போது, துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மண் துகள் மாட்டிக்கொண்டாலும் ‘சர்ர்’ என்று ஒரு சத்தம் எழும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது கேட்பதில்லை. எனக்குப் பின்பற்களில் கேட்கும். அறுபத்தெட்டு வயதில் என் காரை நானே கழுவுவதற்குக் காரணம் அந்தச் சத்தம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு, வெயில் ஏறுவதற்கு முன், இரண்டு வாளி, ஆறு துணி, மேலிருந்து கீழாக ஒன்பது பகுதி என்று பிரித்துக்கொண்டு ஆரம்பித்தால், மெழுகு பூசித் துடைத்து முடிக்க இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். எதிர்வீட்டுக்காரர் காப்பித் தம்ளருடன் வந்து நின்று, “சார், ஷோரூம்லேர்ந்து இப்பதான் எடுத்த மாதிரி இருக்கு” என்பார். பாராட்டத்தான் சொல்கிறார். ஆனால் ‘ஷோரூம்’ என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் நான் துணியை வாளியில் போட்டுவிட்டு, பானெட்டின் இடது பக்கத்தை ஒரு முறை குனிந்து பார்த்துவிடுவேன். அது ஏன் என்று அவரிடம் சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. நெய்வேலியில் எங்கள் ‘குவார்ட்டர்ஸ்’ இருந்த வரிசையில் இருபத்திரண்டு வீடுகள், பதினேழு சைக்கிள்கள், ஒரே ஒரு கார். அந்தக் கார் எங்களுடையது. அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஃபோர்மேன். அவருக்கு மேலதிகாரியாக இருந்த பெரிய இன்ஜினியர் மாற்றலாகி வடக்கே போகும்போது, தன் கறுப்புக் காரை வேறு யாருக்கும் தராமல் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கொடுக்கும்போது ஒரு நிபந்தனையும் வைத்தார். “எங்க பாப்பா இந்த வண்டியில ஏறித்தான் பள்ளிக்கூடம் போனா. அவ கல்யாணத்துக்கும் இந்த வண்டிதான் வரணும். இதே மாதிரி இருக்கணும்” என்றார். அப்பா, “ஷோரூம்ல நிக்கித மாதிரி கொண்டாந்து நிறுத்துதேன் சார்” என்று வாக்குக் கொடுத்தார். இன்ஜினியருக்கு ஒரு பழக்கம் உண்டு. காரில் ஏறுவதற்கு முன் பானெட்டின் மேல் குனிந்து, அதில் தெரியும் முகத்தைப் பார்த்து மீசையைச் சரிசெய்துகொள்வார்.

அவர் போன நான்காம் வருஷம், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அவரிடமிருந்து கடிதம் வந்தது. மாப்பிள்ளை நெய்வேலிப் பையன்தான். கல்யாணம் டவுன்ஷிப் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. ‘நான்கு மணிக்கு வந்து நம் வண்டியைப் பார்க்கிறேன்’ என்று எழுதியிருந்தார். ‘நம் வண்டி’ என்பதை அப்பா இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.

நெய்வேலியில் கறுப்புக் கார் வைத்திருப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்பது அந்த நாளில் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். சுரங்கத்துப் பக்கமிருந்து காற்று வந்தால் கரித்தூள். மின் நிலையத்துப் பக்கமிருந்து வந்தால் சாம்பல். கொடியில் காயும் வேட்டியை எடுத்து உதறாமல் யாரும் மடிக்க மாட்டார்கள். இந்தக் காற்றுக்கு நடுவே அப்பா திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் ‘ஏ ஷிஃப்ட்’ என்ற காலை வேலையை முடித்து வந்து, வேப்பமரத்து நிழலில் காரை நிறுத்தி, முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு வேலை செய்தார். முதலில் தண்ணீர், பிறகு சோப்பு, பிறகு ‘காம்பவுண்டு’ என்று ஒரு டப்பாவில் வரும், பெயிண்டுக்கு மெருகேற்றும் பசை. காம்பவுண்டை ஈரத்துணியில் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாக, ஒரு வட்டத்தின் மேல் பாதி வட்டம் ஏறும்படி தேய்க்க வேண்டும். கடைசியில் மெழுகு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பானெட்டில் வேப்பிலைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தது. நான் நாற்பத்தொன்று வரை எண்ணினேன். அதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள்.

அடுத்த வீட்டுத் தங்கம் அக்கா முத்தாண்டிக்குப்பத்துக்காரி. அவள் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு, “யக்கா, உங்க வூட்டுக்காரரு உங்களயாச்சும் இப்பிடித் தேச்சிக் குளிப்பாட்டி இருக்காராக்கா?” என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா, “அதுக்கு நான் நாலு சக்கரத்தோட பொறந்திருக்கணும்” என்றாள். அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சனிக்கிழமை காலை ஷிஃப்டுக்குப் புறப்படுமுன் என்னை எழுப்பி, “ஏலே, சாம்பல் விழுந்தா கை வைக்கப்படாது. தண்ணி ஊத்து, போதும். துணி படக்கூடாது, கேட்டியா?” என்றார். ஒன்பது மணிக்குக் காற்று திரும்பியது. மின் நிலையத்தின் புகை எங்கள் தலைக்கு மேல் சாய்ந்து வந்தது. அரை மணியில் பானெட்டின் மேல் விபூதி தூவியது போல் ஆகிவிட்டது. அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் அப்பா சொன்னபடியே செய்தேன். நான்கு வாளி தண்ணீர் ஊற்றினேன், கை படவில்லை. ஆனால் அந்நேரம் வெயில் மரத்தைத் தாண்டி வந்திருந்தது. ஊற்றிய தண்ணீர் நின்ற இடத்திலேயே காய்ந்து, பானெட்டின் இடது பக்கம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் விட்டது. எண்ணினேன். பதினான்கு.

இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். புள்ளிகள் போகவில்லை. நகத்தால் சுரண்டப் பயமாக இருந்தது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. காரின் மேல் விழும் சாம்பலும் அடுப்புச் சாம்பலும் அவ்வளவு பக்கத்தில் இல்லாத வேறு ஊர்ப் பிள்ளைக்கு அது வந்திருக்காது. எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தில் தண்ணீர் காய்ந்து இதே மாதிரிதான் வெள்ளைப் புள்ளிகள் விழும். அம்மா துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் அடுப்புச் சாம்பலைச் சலித்து வைத்திருப்பாள். துளிப் புளியும் ஒரு சிட்டிகைச் சாம்பலும் போட்டுச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தால் குடம் பொன்னாகிவிடும். குடத்துக்குச் சரியென்றால் காருக்கும் சரிதானே? தேங்காய் நார் கீறும் என்று அதை விட்டுவிட்டு, பழைய பனியன் துணியை எடுத்தேன். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. புளியும் வேண்டாம் என்று விட்டேன். சாம்பலைத் தண்ணீரில் குழைத்து, சிலேட்டை அழிப்பது போல, முன்னும் பின்னுமாக, ஒரு புள்ளிக்கு இருபது முறை வீதம் தேய்த்தேன்.

புள்ளிகள் போயின. ஈரத்தில் பானெட்டு அப்படி மின்னியது. கொஞ்ச நேரம் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு காய்ந்தது. காயக் காய, ஒரு செய்தித்தாள் பக்கத்தின் அளவுக்குப் பளபளப்பு உள்வாங்கி, கறுப்பு சாம்பல் நிறமாகி, என் முகம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் போயிற்று. தண்ணீர் ஊற்றினால் முகம் வரும், காய்ந்தால் போய்விடும். ஏழு முறை ஊற்றிப் பார்த்தேன். வீட்டுக் கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது. அப்பாவின் கம்பெனி பஸ் இரண்டே முக்காலுக்கு வரும்.

அம்மா பையோடு வந்து பார்த்தாள். சாம்பல் டப்பா என் காலடியில் இருந்தது. “என்னலே செஞ்சே?” என்றாள், சத்தம் போடாமல். நான் அழ ஆரம்பித்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தேங்காய் எண்ணெயோடு திரும்பி வந்து பானெட்டில் தொட்டுத் தடவிப் பார்த்தாள், பளபளத்தது, உடனே அதில் புதுச் சாம்பல் ஒட்டிக்கொண்டது. வழித்துத் துடைத்துவிட்டு, “உள்ள போயி சாப்பிடு” என்றாள்.

இரண்டே முக்காலுக்கு அப்பா வந்தார். சைக்கிளிலோ நடந்தோ போகிற எல்லோரும் பார்க்கும்படியாகத் தெருவோரம் நின்ற காரை அவர் முதலில் தூரத்திலிருந்தே பார்த்தார். பிறகு டிஃபன் கேரியரைக் கீழே வைத்தார். “யாரு தொட்டது?”

நான் வாயைத் திறக்கும் முன், “நாந்தான்” என்றாள் அம்மா. “புள்ளி விழுந்து கெடந்துச்சு. குடம் தேய்க்கித மாதிரி சாம்பலைப் போட்டுத் தேய்ச்சிட்டேன்.”

இங்கே அப்பாவின் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மைல் கணக்கில் ஓடும் அந்த ரப்பர் பெல்ட்டில் எங்காவது கீறல் விழுந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கன்னம் பெல்ட்டில் படுகிற அளவுக்குக் குனிந்து, வெளிச்சத்தைக் கோணத்தில் விட்டு, கோடு போகிற போக்கைப் பார்த்தே, எந்த இடத்து உருளை சுற்றாமல் நின்றுவிட்டது என்று சொல்லிவிடுவார். கூட வேலை செய்தவர்கள் அவரைப் ‘பெல்ட் ஜோசியர்’ என்று கிண்டல் செய்வார்கள். அன்று பானெட்டின் மேலும் அவர் அப்படித்தான் குனிந்தார். கன்னம் கிட்டத்தட்டப் பட்டது. நான் எண்ணினேன், முப்பது வரை எண்ணியும் அவர் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“வேற ஏதும் சொல்லணுமா?” என்றார்.

அப்பா என்னிடம் பேசும்போது ‘ஏலே’ என்று ஆரம்பிப்பார், அல்லது ‘லே’ என்று முடிப்பார். அந்தக் கேள்வியில் ‘லே’ இல்லை. அதனால் அது அம்மாவிடம் கேட்டது என்று எடுத்துக்கொண்டேன். அம்மா, “ஒண்ணும் இல்ல” என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீதி ஒரு மணி பத்து நிமிஷம். டப்பாவில் இரண்டு ஸ்பூன் காம்பவுண்டுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா சுரங்கத்து உடுப்பை மாற்றாமலே தேய்க்க ஆரம்பித்தார். அம்மா எதிர்ப்பக்கம் நின்று தேய்த்தாள். தங்கம் அக்கா வேலியைத் தாண்டி வந்து, “எட்டிக்கினு போ தம்பி, காலுல மிதிபடப் போற” என்று என்னை நகர்த்திவிட்டு, காய்ந்த இடத்தைத் துணியால் துடைத்தாள். மூன்று பேரின் கைகளும் வட்டம் வட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. கொஞ்சம் கொஞ்சமாகப் பளபளப்பு திரும்பியது. ஆனால் காம்பவுண்டு தீர்ந்தபோது உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மங்கலாகவே நின்றுவிட்டது.

நான்கு பத்துக்குப் பெரிய இன்ஜினியர் வந்தார். காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். “அப்படியே வச்சிருக்கீங்களே!” என்றார். அப்பாவின் தோள் கொஞ்சம் தாழ்ந்தது. அப்புறம் இன்ஜினியர் பழைய பழக்கப்படி பானெட்டின் மேல் குனிந்து மீசையைத் தொட்டார். தொட்ட கை அப்படியே நின்றது.

“இங்க மட்டும் என்னங்க, மூஞ்சி கலங்கித் தெரியுது?”

அம்மா வாசல்படியில் நின்றிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். அப்பா ஒரு முறை எங்கள் பக்கம் திரும்பினார்.

“என் கை பெசகிட்டு சார்” என்றார்.

“எங்கிட்ட இருந்தப்ப இப்படி ஆனதில்ல” என்றார் இன்ஜினியர். கடுமையாகச் சொல்லவில்லை, சும்மா, நடந்ததைச் சொல்வது போல். பிறகு பூக்காரனைக் கூப்பிட்டு, “இந்த எடத்துல சாமந்தியக் கொஞ்சம் அடர்த்தியாக் கட்டுப்பா” என்றார். அவ்வளவுதான். அந்தக் காரிலேயே மாப்பிள்ளை வந்தார். மறுநாள் பெண்ணும் அதிலேயே போனாள். குறை ஒன்றும் வரவில்லை. ஆனால் அப்பா கல்யாணப் பந்தியில் உட்காரவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும் என்று சொல்லி வெளியிலேயே நின்றார்.

திங்கட்கிழமை பூவைப் பிரிக்கும்போது நானும் கூட இருந்தேன். அப்பா மங்கலான இடத்தின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, “வேற ஏதும் சொல்லணுமா?” என்றார். அம்மா அப்போது வீட்டுக்குள் இருந்தாள். இருந்தும் நான் அதை எனக்கான கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது முறை கேட்டது ஒன்பது வருஷம் கழித்து, அந்தக் காரை நெல்லிக்குப்பத்துக்காரர் ஒருவருக்கு விற்ற அன்று. நான் கல்லூரியிலிருந்து வந்திருந்தேன். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, “வேற ஏதும் சொல்லணுமாலே?” என்றார். அன்று ‘லே’ இருந்தது. நான், “டிக்கில நம்ம சைக்கிள் பம்ப் கெடக்குப்பா, எடுத்துரணும்” என்றேன். அவர் போய் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார்.

இதையெல்லாம் நினைவில் வைத்திருந்தேனே தவிர, சேர்த்துப் பார்த்ததில்லை. போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்ததால் ஒரு ஞாயிறு மட்டும் காரைத் தண்ணீர் சர்வீஸ் கடைக்கு விட்டேன். திரும்பி வந்த காரின் மேல் வெயில் சாய்வாக விழுந்தபோது கதவு முழுதும் மெல்லிய கோடுகள். முன்னும் பின்னுமாக, நேர்க்கோடாக. வட்டமாகத் துடைக்கத் தெரியாத கை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னவன் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அம்மா எதையும் சுழற்றித்தான் தேய்ப்பாள். பெல்ட்டில் விழுந்த கோட்டைப் பார்த்து உருளையைச் சொன்ன மனிதர், பானெட்டில் நேர்க்கோடுகளைப் பார்த்து முப்பது எண்ணும் வரை குனிந்திருந்தார். அவருக்கு முதல் நிமிஷத்திலேயே தெரிந்திருக்கிறது. அம்மா என் பழியை ஏற்றுக்கொண்டாள். அவர் அதைத் தன் மேல் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் எனக்காக ஓர் இடத்தைக் காலியாக வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள்.

சென்ற வாரம் அந்த வரிசைக்குப் போய்ப் பார்த்தேன். இருபத்திரண்டு வீடுகளில் ஆறுதான் நிற்கின்றன; எங்களுடையது அவற்றில் இல்லை. துவைக்கிற கல் புல்லுக்குள் கிடக்கிறது. வேப்பமரம் இருக்கிறது. அதன் அடியில் காரை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இப்போது சாம்பல் அப்படி விழுவதில்லை. பானெட்டைப் பார்த்தேன், இரண்டு வேப்பிலைகள் தவிர ஒன்றும் இல்லை. பித்தளையைச் சாம்பல் போட்டுத் தேய்க்கிற வீடும் அந்தப் பக்கம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. கேட்டவரும் இல்லை, ‘ஒண்ணும் இல்ல’ என்று சொன்னவளும் இல்லை.

சொல்லணும் அப்பா. முன்னும் பின்னுமாகத் தேய்த்தது நான்தான்.